திட்டம் முடியும் வரை வேலை

போன வாரம் கல்லூரி ஜூனியர் ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள். ஒரு பல்கலைக்கழகத்தின் கடல்சார் துறையில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர் வேலை, ஒரே ஓர் இடம். முதுநிலைப் பட்டம் வேண்டும், நெட் அல்லது கேட் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப்படி. நேர்காணலுக்கு வந்துபோக பயணப்படி கிடையாது. கடைசி வரி, இப்படிப்பட்ட எல்லா விளம்பரத்திலும் இருப்பதுதான்: இப்பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டம் முடியும் நாளில் தானாகவே முடிவுறும். அதற்குக் கீழே அவள் கேள்வி: "அக்கா, சேரலாமா?"

குரல் பதிவாகப் பதில் சொல்லத் தொடங்கினேன். ஆறு நிமிடம் பேசியும் படகு வாடகையைத் தாண்டவில்லை. அழித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

நான் அப்படிப்பட்ட இரண்டு திட்டங்களில் வேலை பார்த்தவள். முதலாவது அறிவியல்: கடற்புல் கணக்கெடுப்பு. இரண்டாவது சமூக அறிவியல்: கடல்பாசி எடுக்கும் பெண்களின் குடும்ப வருமானம். இரண்டும் மத்திய அரசுப் பணம். கொடுத்த நிறுவனம் வேறு, வாங்கிய பல்கலைக்கழகம் வேறு. ஆனால் கரை ஒன்றுதான், ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபமும் பாம்பனும். இரண்டு தடவையும் நான் தங்கியது ஒரே வீட்டின் மாடியறை. அந்த வீட்டு அக்காவுக்குக் கடைசி வரை என் வேலை என்னவென்று பிடிபடவில்லை. "புல்லு எண்ணுற பொண்ணு" என்றுதான் தெருவில் அறிமுகம் செய்வார். இரண்டாவது தடவை போனபோதும் அதே பெயர்தான்.

புல் எண்ணுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அரை அங்குல பி.வி.சி. குழாயை 50 சென்டிமீட்டர் நீளத்தில் நான்காக வெட்டி, நான்கு எல்போ போட்டுச் சதுரமாக்க வேண்டும். குழாயில் ஆங்காங்கே ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று நின்று மிதக்கும். அப்புறம் நைலான் கயிறு கட்டி உள்ளே 25 கட்டம். குவாட்ரட் என்று தீஸிஸில் எழுதுவோம், வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், எல்லோரும் அதைச் 'சட்டம்' என்பார்கள். கரையிலிருந்து கடலுக்குள் 50 மீட்டர் டேப்பை விரித்து, அதை ஒட்டிக் குறித்த இடங்களில் சட்டத்தைத் தரையில் வைத்து, முகமூடி போட்டு மேலே மிதந்தபடி கீழே பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன புல், எவ்வளவு பரப்பு என்று எழுத வேண்டும். எழுதுவது காகிதத்தில் இல்லை. உப்புத்தாளால் தேய்த்த வெள்ளை பிளாஸ்டிக் பலகையில், சாதாரண பென்சிலால். தண்ணீருக்குள் அழகாக எழுதும்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் சேர்த்து 14 வகைக் கடற்புல் உண்டு. கரையில் எல்லாவற்றுக்கும் பெயர் தாழைதான். ஹாலோஃபிலாவின் இலை சின்ன கரண்டி மாதிரி இருக்கும். சிரிங்கோடியம் வேகவைத்த சேமியா மாதிரி உருண்டையாக இருக்கும். முதல் வாரம் சேமியாவையும் கரண்டியையும் தவிர எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க நான் வல்லத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதும் ஒரு காரணம்.

வல்லத்து அண்ணன் ஒருநாள் கேட்டார்: "இத எண்ணி என்னம்மா செய்யப் போறீங்க?" அப்போது சரியான பதில் வரவில்லை. இப்போது கேட்டால் ஒன்று சொல்வேன். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசுவுக்குக் கரையில் ஆவுளியா என்று பெயர், அது தின்பது இந்தத் தாழையைத்தான். எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்ய, யாரோ சில பேர் பல வருடம் தண்ணீரில் கிடந்து புல்லை எண்ணியிருக்க வேண்டும். என் கணக்கு அதில் இருந்ததா என்றால் இல்லை. நான் எண்ணியது வேறு மாவட்டம்.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஜூனியருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

பேராசிரியர் ஒரு முன்மொழிவு எழுதி டெல்லிக்கு அனுப்புவார். அறிவியல் என்றால் டி.எஸ்.டி., டி.பி.டி., சி.எஸ்.ஐ.ஆர். என்று பணம் கொடுக்கும் மத்திய அரசு வாசல்கள் பல. சமூக அறிவியலுக்கு முதல் வாசல் 1969இல் தொடங்கிய ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதன் பை சின்னது. தேறினால் அனுமதி ஆணை வரும். அதில் பணம் மொத்தமாக இருக்காது. ஆள் சம்பளம், கருவி, தீர்ந்துபோகும் பொருட்கள், பயணம், கன்டிஜென்சி என்ற சில்லறைச் செலவு, பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் செலவுக்கான ஓவர்ஹெட் என்று தலைப்பு தலைப்பாகப் பிரித்திருக்கும். அக்கவுண்ட்ஸில் 'ஹெட்' என்பார்கள். ஒரு ஹெட்டில் மிஞ்சும் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற டெல்லியைக் கேட்க வேண்டும். கண்ணாடிக் குடுவை வாங்க எங்களிடம் பணம் நிறைய இருந்தது. ஆனால் எங்கள் ஆராய்ச்சிக்குக் குடுவை வேண்டாம், வல்லம்தான் வேண்டும்.

வல்ல வாடகை எந்த ஹெட்? பயணம் என்றால் பயணத்துக்கு டிக்கெட் எங்கே என்பார்கள். கன்டிஜென்சி என்றால் மூன்று கொட்டேஷன் எங்கே என்பார்கள். கடைசியில் மூன்று கொட்டேஷன் என்று முடிவானது. வல்லத்து அண்ணனிடம் ஜி.எஸ்.டி. எண் கிடையாது, பில் புத்தகம் கிடையாது, லெட்டர்பேடு கிடையாது. கோடு போட்ட நோட்டுத்தாளில் அவர் ஒன்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது அவர் மச்சினன் கொடுத்தது. மூன்றாவது அவருடைய சின்னம்மா மகன். மூன்று பேரிடமும் உண்மையிலேயே வல்லம் இருந்தது, மூன்று விலையும் உண்மை விலைதான். ஆனால் அந்தக் கரையில் சொந்தமில்லாத மூன்று பேரைத் தேட வேண்டுமானால் நான் நாகப்பட்டினம் போயிருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் போகும் ஒவ்வொரு வவுச்சரிலும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. ஈரக் கையோடு அவர் கையெழுத்துப் போட, ஸ்டாம்ப் அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்த நாளும் உண்டு. அதற்குப் பிறகு ஸ்டாம்பையும் பசையையும் தனி டப்பாவில் வைத்துக்கொள்வேன். பென்சிலை மறந்தாலும் அந்த டப்பாவை மறந்ததில்லை.

ஆடிட்டுக்கு வந்தவர் ஸ்டாக் பதிவேட்டில் குவாட்ரட் ஆறு என்று பார்த்துவிட்டு, எடுத்து வந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கொஞ்ச நேரம் சட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பைப்தானேம்மா?" ஆமாம் சார், பைப்தான்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிக்க முடியாதது மார்ச் மாதம். பாக் விரிகுடாவில் வாடைக் காற்று அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கலங்கல்தான். முகமூடிக்கு வெளியே கையை நீட்டினால் கை தெரியாது. பிப்ரவரி, மார்ச்சில்தான் தண்ணீர் தெளியும். வருடத்தில் எங்களுக்கு நல்ல கடல் அந்த இரண்டு மூன்று மாதம். அலுவலகத்தில் அதே மார்ச்சில்தான் வருடக் கணக்கு முடிக்கும் 'குளோசிங்'. பில் வாங்க மாட்டார்கள், முன்பணம் தர மாட்டார்கள், ஏப்ரலில் வா என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கிற நாட்களில் நாட்டுப்படகுகளுக்குக் கொஞ்சம் நல்ல மீன்பாடு, அதனால் வல்லங்கள் எல்லாம் மீனுக்குப் போய்விடும். புல் எண்ண ஒரு வல்லம் கிடைக்காது. மூன்று வருடத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த தெளிந்த கடல் நாட்களை விரல்விட்டு எண்ணாவிட்டாலும், ஒரு குயர் நோட்டில் எண்ணிவிடலாம்.

சம்பளமும் அந்த மார்ச்சில்தான் மாட்டும். ஒரு வருடச் செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த வருடப் பணம். யூ.சி. என்போம், படிவம் 12-ஏ. திட்ட முதல்வர், நிதி அலுவலர், பதிவாளர் என்று மேசை மேசையாகக் கையெழுத்து ஏற வேண்டும். கணக்கில் கிடந்த பணத்துக்கு வங்கி போட்ட வட்டியைத் தனியாக பாரத்கோஷ் இணையதளத்தில் அரசுக்குத் திருப்பிக் கட்டி, ரசீதை இணைக்க வேண்டும். எங்கள் வட்டி 600 சொச்சம் ரூபாய். அந்த ரசீது இணைக்கப்படவில்லை என்று எங்கள் கோப்பு டெல்லியிலிருந்து திரும்பியது. அது திரும்பியதே எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். 2018 ஆகஸ்ட் முதல் 2019 மார்ச் வரை எட்டு மாதம் எனக்குச் சம்பளம் இல்லை. அப்போது ஜே.ஆர்.எஃப். 25,000 ரூபாய். அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. மாடிவீட்டு அக்கா வாடகை கேட்கவில்லை. ராத்திரி மட்டும் கீழே கூப்பிட்டு மீன்குழம்பு ஊற்றுவார்.

2018இல் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் உதவித்தொகையை உயர்த்தக் கேட்டுப் போராடினார்கள். 2019 ஜனவரி முதல் 31,000 என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் துறையில் லட்டு வாங்கிச் சாப்பிட்டோம். எனக்கு அப்போது 25,000மும் வரவில்லை, 31,000மும் வரவில்லை. பாக்கி மொத்தமும் மார்ச் கடைசி வாரம் ஒரே நாளில் கணக்கில் ஏறியது. ஏ.டி.எம். சீட்டில் அவ்வளவு பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை. வளையலுக்கும் வட்டிக்கும் போக மிஞ்சியதில் ஒரு நல்ல முகமூடி வாங்கினேன், சொந்தமாக.

இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் சார் தன் பையிலிருந்து இரண்டு தடவை டீசலுக்குக் கொடுத்தார். மக்கள் வரிப்பணம், கணக்கு கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 600 ரூபாய் ரசீதுக்கான கேள்வியை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

இரண்டாவது திட்டத்தில் நான் கள மேற்பார்வையாளர். சம்பளம் 16,000. குறைவு, ஆனால் மாதாமாதம் வந்தது. பொருளியல் துறை மேடம் ஒருவர்தான் திட்ட முதல்வர். கேள்வித்தாள் 14 பக்கம். அதைத் தூக்கிக்கொண்டு பாசி எடுக்கும் பெண்கள் கரையேறும் நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, பாறையில் கால் அறுபடாமல் செருப்போடு நீந்திவிட்டு வருவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று பெயர்களே ருசியாக இருக்கும். முதல் இரண்டிலிருந்து அகர், பின்னிரண்டிலிருந்து ஆல்ஜினேட், இரண்டுமே கெட்டிப்படுத்தும் பொருள். நாம் சாப்பிடும் ஐஸ்கிரீமிலும் பல் வைத்தியர் அச்செடுக்கும் மாவிலும் இவர்கள் உழைப்பு உண்டு.

அதில் ஒரு கேள்வி, குடும்பத்தின் மாத வருமானம். ஒரு பெரியம்மா, தலையைத் துவட்டிக்கொண்டே, "எந்த மாசத்தக் கேக்குற தாயி?" என்றார். நான் சும்மா சராசரியாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அங்கே கணக்கு அமாவாசையும் பௌர்ணமியும்தான். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்கு இறங்குவது என்று பெண்கள் தாங்களே பேசி வைத்த கட்டுப்பாடு உண்டு. அப்போதுதான் பாசி மறுபடி வளரும். எந்தத் திட்டமும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பெண்களை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு 2015இல் கிடைத்தது. அந்த 12 நாளிலும் காற்று மாறினால் இறங்க முடியாது. ஆக ஒரு அமாவாசைக்கு இவ்வளவு, ஒரு பௌர்ணமிக்கு இவ்வளவு என்றால் துல்லியமாகச் சொல்வார்கள், ரூபாய் பிசகாமல். மாதம் என்று கேட்டால் நம்மைத் திருப்தி செய்ய ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார்கள். பெரியம்மா இன்னும் நேராகச் சொன்னார்: "போன தடவ ஒரு தம்பி வந்து கேட்டாரு. அவருக்கு ஒண்ணு சொன்னேன். அதையே எழுதிக்க."

மேடத்திடம் போனில் சொன்னேன். மேடம் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "ஒப்புதல் வாங்கின கேள்வித்தாள மாத்த முடியாதும்மா. தனியா ஒரு தாள் சேர்த்துக்கோ. போன அமாவாசை, அதுக்கு முந்தின பௌர்ணமின்னு கேளு. மாசக் கணக்க நாம இங்க போட்டுக்கலாம்" என்றார். இரவோடு இரவாக நானே கையால் கட்டம் போட்டு, மண்டபத்தில் ஜெராக்ஸ் எடுத்தேன். அந்தத் திட்டத்தில் எனக்கு மனசுக்கு நிறைவான தரவு அந்த ஒரு தாள்தான்.

இப்போது இரண்டு திட்டத்துக்கும் நடுவில் கிடக்கும் ஒரு செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசி. கரையில் அதற்குப் பெப்சி பாசி என்று பெயர். 1990களின் நடுவில் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் ஒன்றின் மண்டபம் நிலையத்தில் இதை வளர்த்துப் பார்த்தார்கள். 2000 வாக்கில் பெப்சிகோ ஒப்பந்த முறையில் வளர்ப்பைத் தொடங்கியது, பெயர் அப்படி வந்தது. 12க்கு 12 அடி மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை, கேராஜீனன் என்ற இன்னொரு கெட்டிப்படுத்தும் பொருள் எடுக்க நல்ல விலை. மகளிர் குழுக்கள் நிறையச் சேர்ந்தன. 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரண்ட் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள்: குருசடைத் தீவருகே இந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுகிறது. அதற்குப் பிறகு இரு பக்கமும் வாதம் நடந்தது. 2013க்குப் பிறகு மிதவைகளிலேயே பாசி கொத்துக்கொத்தாகச் செத்ததும் நடந்தது. "வெயிலுக்கு வெளுத்துப் போச்சு" என்றார்கள் பெண்கள். 2023இல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடிக்கும் மேல் மதிப்பில் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

கொண்டுவந்ததும் பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி, பவளத்தை மூடுகிறது என்று கண்டுபிடித்ததும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். சிலருக்கு இது வேடிக்கை, பணத்தை வீணடிக்கிறார்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளர்ப்பவனிடமே கெடுதல் உண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும்? சரிபார்க்க இன்னொரு கை வேண்டும், அதற்கும் யாராவது கூலி கொடுக்க வேண்டும். எனக்குக் குறை வேறு. என் முதல் திட்டத்தின் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'ஊடுருவிய அந்நிய இனம் – உண்டு / இல்லை'. இரண்டாவது திட்டத்தின் கேள்வித்தாளில் ஒரு கட்டம்: 'மாற்று வாழ்வாதாரம் – உண்டு / இல்லை'. ஒரே செடிக்கு நான் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்திருக்கிறேன். முதல் திட்டத்தில் மிதவைப் பெண்களிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவதில் பவளம் என்ற சொல் 14 பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. என்னிடம் பழைய தரவு இருக்கிறது, சேர்த்துப் பார்க்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். அவருக்கு ஆசைதான். ஆனால் அது வேறு பல்கலைக்கழகத்தின் சொத்து. எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை. இறுதி அறிக்கைகள் இரண்டும் ஸ்பைரல் பைண்டிங்கில் இரண்டு அலமாரியில் இருக்கின்றன. இரண்டையும் படித்தவள் நான் ஒருத்தி என்று நினைக்கிறேன்.

2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டில் 50,000 கோடி என்றார்கள், அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அறிவியலோடு சமூக அறிவியலும் சந்திக்கிற இடத்துக்கும் அதில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். 2025 ஜூனில் ஆய்வுக்கூடங்கள் பொருள் வாங்கும் வரம்புகளையும் உயர்த்தினார்கள். நல்லது. நாட்டின் உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு 0.64 விழுக்காடுதான் போகிறது என்ற கணக்கு மாறினால் இன்னும் நல்லது. வல்லத்து அண்ணனின் நோட்டுத்தாளை எவராவது கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிற நாள் வந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.

ஜூனியருக்கு இதையெல்லாம் சுருக்கி அனுப்பினேன். சேர். ஆனால் சேருவதற்கு முன்னால் அனுமதி ஆணையைக் கேட்டு வாங்கிப் பார். எத்தனையாவது வருடம் நடக்கிறது, போன வருட யூ.சி. போய்விட்டதா என்று கேள். வெட்கப்படாதே. ஆறு மாதச் சாப்பாட்டுக்குக் கையில் வைத்துக்கொள். தரவின் ஒரு நகலை, சாரிடம் சொல்லிவிட்டு, உன்னிடமும் வைத்துக்கொள். கரையில் போய் இறங்கியதும் முதல் வாரம் எதையும் எழுதாதே, அவர்கள் எதை எப்படி எண்ணுகிறார்கள் என்று மட்டும் பார்.

இரண்டு நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. யூ.சி.யைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, போட்ல வாந்தி வருமா?"

வரும். முதல் வாரம் நிச்சயம் வரும். வெறும் வயிற்றோடு ஏறாதே, இரண்டு இட்லி சாப்பிட்டுப் போ. டீசல் புகை பக்கம் உட்காராதே, முன்னால் அணியத்தில் உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டிரு. என் முகமூடி இன்னும் நன்றாக இருக்கிறது, ராமநாதபுரம் பஸ் ஏறுவதற்கு முன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போ.